வெள்ளிக்கிழமை எண்ணெய்

பெரிய கங்காணி வீரசிங்கத்தின் சைக்கிளில் மறுபடியும் ஒரு கம்பி அறுந்துவிட்டது என்ற செய்தி, அவர் வருவதற்கு முன்பே தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்துவிட்டது. பின்னாலேயே அவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். உருட்டிக்கொண்டு வருவது புதிதல்ல. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் இறங்க வேண்டும். துரைசானி வந்தாலும் இறங்க வேண்டும். பங்களா தெரிகிற வளைவிலெல்லாம், அங்கே யாரும் நின்றாலும் நிற்காவிட்டாலும், இறங்கிக் குடையை மடக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பங்களா தெரியாத வளைவுகளும் தோட்டத்தில் சில இருந்தன. அங்கேயெல்லாம் அவர் சைக்கிள் ஓட்டினார்.

இந்தத் தடவை பின் சக்கரத்தில், கம்பி வளைந்து நடுக் குடத்துக்குள் நுழைகிற இடத்தில் அறுந்திருந்தது. விறாந்தையில் கூடியவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கணக்கப்பிள்ளை சிவஞானம், வெளியூர் இரும்புக்கு இந்த மலைக்காற்று ஒத்துக்கொள்ளாது என்றார். தனக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் வெகுநாளாகச் சொல்லி வருகிறார். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. துரை முன்பு ஒரு நாள் சைக்கிளைப் பார்த்துவிட்டு, பெரிய கங்காணி சோற்றைக் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். தோட்டத்தில் எல்லோருக்குமே அரிசியைக் குறைக்கலாமா என்று துரை யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

கடைசியில் பெரியாயி பேசினாள். அவள் வீரசிங்கத்தின் அக்கா. புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். வந்தவள் என்று இப்போது யாரும் நினைப்பதில்லை. அவர் மனைவி இராக்கம்மாதான் அந்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருந்தாள்.

"தம்பி, சொன்னா கோவிச்சுக்காத. தொரை சைக்கிளு கம்பி வெள்ளி மாதிரி மின்னுது. என்னைக்காவது அறுந்திருக்கா? உன்னது கறுப்பு."

"கறுப்புன்னா என்னக்கா? இரும்புதான?"

"இரும்புதான். நானும் அதத்தான் சொல்றேன். வீட்டுக்குள்ள ஒரு கறுப்பு போதாதுன்னு வெளிய வேற ஒண்ணு வாங்கி வச்சிருக்க."

கணக்கப்பிள்ளை சிரிக்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேத்தண்ணிச் செம்போடு கதவோரம் நின்றிருந்த இராக்கம்மா, அவர் திருப்பிய பக்கத்தில்தான் இருந்தாள். அதனால் அவரால் அங்கேயும் சிரிக்க முடியவில்லை. அவளுக்கு அவர் மீது கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. வீரசிங்கத்தைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தன் நிறத்தைப் பற்றிய பேச்சை அவள் கேட்டுப் பழகிவிட்டாள். பழகியது என்றால் வலிக்கவில்லை என்பதல்ல. எந்த இடத்தில் வலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இப்போது அது வெறும் பேச்சாக இல்லை. எல்ல என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கங்காணிக்கு ரெங்கம்மா என்றொரு மகள் இருப்பதைப் பெரியாயி கண்டுபிடித்திருந்தாள். நல்ல சிவப்பு. பெரிய கங்காணி என்றால் பக்கத்தில் நிற்பவளும் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா என்று அவள் கேட்டபோது, வீரசிங்கம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இராக்கம்மாவைக் கடலுக்கு அக்கரையில் முசிறிப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கு அனுப்பி, அங்கே நிலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். இராக்கம்மாவின் ஒரே மகள் பெரகலப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கடல் தாண்டிவிட்டால் அந்த முகத்தை இனிப் பார்க்க முடியாது.

சைக்கிள் பதுளையிலிருந்து வந்த அன்றே அதற்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. வீட்டுக்கு வந்த இரும்புச் சாமானை எண்ணெய் தேய்க்காமல், குங்குமம் வைக்காமல் விட்டால் அது நிலைக்காது. எந்தக் கிழமை என்பதில்தான் தகராறு. ஆம்பிளைக்குச் சனிக்கிழமை, பொம்பிளைக்கு வெள்ளிக்கிழமை. சைக்கிள் என்ன?

"மேல ஏறி ஒக்காந்து ஓட்டுறவன் ஆம்பிள," என்று பெரியாயி தீர்த்து வைத்தாள். "அப்ப இது பொம்பிளதான். வெள்ளிக்கெழம."

அன்றிலிருந்து வெள்ளி தவறாமல் இராக்கம்மா சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, ஒவ்வொரு கம்பிக்கும் மேலிருந்து கீழ்வரை நல்லெண்ணெய் தேய்த்தாள். கம்பி வளையத்தில் போய்ச் சேருகிற இடத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அங்கே அழுக்கு சேரும் என்பதால் விரல் நுனியால் கூடுதலாகவே எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். யாரும் பேசாத அந்த நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. சொல்லப்போனால், அந்த வீட்டில் அவள் தொட்டதில் எதிர்ப்பேச்சுப் பேசாதது அந்தச் சைக்கிள் ஒன்றுதான்.

கம்பி அறுந்த அடுத்த வாரம் பதுளைக்குப் போனார்கள். சைக்கிளை மாட்டுவண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, அதன் பக்கத்தில் இராக்கம்மா உட்கார்ந்தாள். சாமான் வாங்க அவளும் வர வேண்டியிருந்தது. வழியில் துரையின் குதிரை எதிர்ப்பட்டது. வீரசிங்கம் வண்டியிலிருந்தும் இறங்கினார்.

மஹ்ரூப் முதலாளியின் கடையில்தான் சைக்கிள் வாங்கியது. அவர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"கறுப்புக் கம்பி வெயிலக் குடிக்கும், கங்காணியார். குடிச்சாத் தளரும். தளர்ந்தா அறும்."

"வாங்குறப்போ கறுப்புதான் ஒசத்தின்னீங்களே, மொதலாளி?"

"அது மழைக்கிச் சொன்னது. இது வெயிலுக்கிச் சொல்றது. கொழும்புலேருந்து வெள்ளக் கம்பி வந்திரிக்கி. முழுசா மாத்திருவோம்."

வெள்ளைக் கம்பிகள் இருந்த பெட்டி அவர் காலடியிலேயே இருந்தது. ஆணி பிடுங்கிய பலகை இன்னும் பக்கத்தில்தான் கிடந்தது.

இராக்கம்மா கடை வாசலில் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மஹ்ரூப் ஒவ்வொரு கம்பியாகப் பூட்டி, சின்னச் சாவியால் அந்தத் திருகைத் திருப்பி, நகத்தால் கம்பியைச் சுண்டினார். முறுக்கினது 'ணங்' என்றது. முறுக்காதது சும்மா இருந்தது. சத்தம் வரும்வரை திருகினார். திருகும்போது அது கிறீச்சென்று முரண்டு பிடித்தது.

அவள் விரல் நுனியில் ஏதோ நினைவு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் தேய்க்கையில் அந்தத் திருகு முரண்டு பிடித்ததே இல்லை. விரலோடு சேர்ந்து திரும்பும், செல்லம் கொஞ்சுகிற மாதிரி. ஒரு கம்பி பல் ஆடுவது போல ஆடும். ஆடுகிற கம்பிதான் அடுத்த வாரம் அறும். ஒருநாளும் அவள் இதைச் சேர்த்து யோசித்ததில்லை. எண்ணெய் திருகை வழுக்க விட்டது. திருகு கழன்றதும் கம்பி தளர்ந்தது. தளர்ந்த கம்பி சக்கரம் சுற்றச் சுற்ற ஆடி ஆடி அறுந்தது. கறுப்பு ஒரு பாவமும் செய்யவில்லை.

வண்டி தோட்டத்துக்குத் திரும்பும்போது இதைப் புருஷனிடம் சொல்லப் பலதடவை வாயெடுத்தாள். கறுப்பு காரணமில்லை என்று சொல்வது எவ்வளவு இனிக்கும் என்று முதலில் தோன்றியது. அதற்கு அடுத்த வார்த்தை என்ன என்று பிறகு யோசித்தாள். எண்ணெய். யார் வைத்த எண்ணெய்? கறுப்பு என்று சொன்னால் அவள் நிறம். எண்ணெய் என்று சொன்னால் அவள் கை. வைக்கச் சொன்னது பெரியாயி என்பது யாருக்கும் ஞாபகம் வராது. அவள் பேசாமல் வெள்ளைக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெயிலில் அவை கண்ணைக் கூசவைத்தன.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணெயை நிறுத்திவிட்டாள். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உலர்ந்த துணியால் துடைத்தாள். குங்குமம் மட்டும் வைத்தாள். கம்பி அறாமல் இருந்தால் இந்தப் பேச்சு நின்றுவிடும் என்று நம்பினாள்.

கம்பி அறவில்லை. ஐப்பசி மழையில் பாதையெல்லாம் கல் பெயர்ந்து கிடந்தபோதும் அறவில்லை. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"நெறத்துலதான்டி எல்லாம் இருக்கு," என்றாள் பெரியாயி, அரிசி புடைத்துக்கொண்டே. "கண்ணால பாத்துட்டோம். இனி என்ன சாச்சி வேணும்?"

"ஆமாங்க, மதினி."

"தை பொறந்ததும் எல்லக்குப் போயி நிச்சயம் பண்ணிட்டு வந்துர்றோம். நீயும் துணிமணியெல்லாம் எடுத்து வச்சுக்க."

வீரசிங்கம் அன்று அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். கணக்கப்பிள்ளையிடம் வெள்ளைக் கம்பியின் அருமையைப் பேசும்போது மட்டும் குரல் உயர்ந்தது. காலைப் பெரட்டிலும் அதே பேச்சுத்தான். தலையெண்ணி முடித்து ஆட்களை மலைக்கு அனுப்புவதற்கு முன், தன் சைக்கிள் கம்பியை ஒரு தடவை சுண்டிக் காட்டினார்.

அடுத்த வெள்ளி இராக்கம்மா கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றினாள். தான் கெட்டவளா என்று கேட்டுப் பார்த்தாள். கறுப்புக்குக் கொடுத்ததை வெள்ளைக்கும் கொடுப்பதில் என்ன ஓரவஞ்சனை என்ற கேள்விதான் வந்தது. அது நல்ல கேள்வி இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவர் விழுந்து கை கால் முறிந்தால்? முன் சக்கரத்தை விட்டுவிட்டுப் பின் சக்கரத்துக்கு மட்டும் தேய்த்தாள். பின் சக்கரத்தில் கம்பி அறுந்து அவர் இதுவரை விழுந்ததில்லை; உருட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார். இவ்வளவு யோசித்து ஒருவருக்குக் கெடுதல் செய்கிறவளை என்னவென்று சொல்வது என்று தெரியாமல், அவள் ஒவ்வொரு திருகாகத் தடவினாள். பழைய பழக்கம் மாறாமல் அவை விரலோடு திரும்பின. எல்லக்குப் போகிற நாள்வரை ஒரு வெள்ளிகூட விடவில்லை.

அன்று வீரசிங்கம் சரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு சைக்கிளில் போனார். தட்டும் பழமுமாகப் பெரியாயி வண்டியில் பின்னால் போனாள். இராக்கம்மா அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் விறாந்தையில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வண்டி மட்டும் திரும்பி வந்தது. பெரியாயி தட்டை அப்படியே கீழே வைத்தாள். பழம் நசுங்கியிருந்தது.

"என்ன மதினி, ஆச்சா?"

"ஆச்சு. நாசமாப் போச்சு. அவுங்க வாசல் ஏத்தத்துல ரெண்டு கம்பி பட்டு பட்டுன்னு அறுந்து, சக்கரம் கோணிக்கிச்சு. மாப்பிள உருட்டிக்கிட்டுப் போயி நிக்கிறாரு."

"சகுனம் சரியில்லன்னுட்டாங்களா?"

"சகுனத்த யாருடி பாத்தா? பொண்ணோட அப்பன்கிட்டயும் ஒரு சைக்கிளு நிக்கிது. கறுப்புக் கம்பி. 'வெள்ளக் கம்பி எவனாவது போடுவானா, மினுக்குறதெல்லாம் ஒழைக்காது'ங்குறான். நம்மாளு விடுவானா? 'தொரைமாரு போடுறது ஒனக்கு எளக்காரமா'ன்னான். பொண்ணு தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிது, ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. ரெண்டு பேரும் வாசல்ல குத்தவச்சு அவன் சைக்கிளையும் இவன் சைக்கிளையும் சுண்டிச் சுண்டிப் பாக்குறானுங்க. கடேசியில, 'ஒரு கம்பியே பாத்துப் போடத் தெரியாதவனுக்கு என் பொண்ணு எதுக்கு'ன்னுட்டான்."

இராக்கம்மா சிரித்துவிடுவோமோ என்று பயந்து அடுப்பங்கரைக்குள் போனாள். அங்கே போனதும் சிரிப்பு வரவில்லை. சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள்.

வீரசிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். செருப்பெல்லாம் செம்மண். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் வாங்காமல் அவள் கையையே பார்த்தார். எண்ணெய் இன்னும் மணக்கிறதோ என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்தாளு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு," என்றார் மெதுவாக. "அவன் கம்பி கல்லு மாதிரி இருக்கு. கறுப்புக்குத்தான் ஒறுதி. நாந்தான் அக்கா பேச்சக் கேட்டு மாத்துனேன்."

"ஆமாங்க."

"அடுத்த கெழம பதுளைக்குப் போயி மறுபடி கறுப்பே போட்டுர்லாம். நீயும் வா. அப்படியே பெரகலைக்கும் போயி மகளப் பாத்துட்டு வரலாம்."

அவர் செம்பை வாங்கிக் குடித்தார். அவ்வளவு இதமாக அவர் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நிறத்தில் ஒன்றுமில்லை என்று அவர் என்றைக்காவது ஒரு நாள் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அதைச் சொல்லவில்லை. வெள்ளையின் பக்கத்திலிருந்து கறுப்பின் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார். நாளைக்கு யாராவது இன்னொரு சைக்கிளைக் காட்டினால் திரும்பவும் அந்தப் பக்கம் போவார். இப்போது சொல்லிவிடலாம். எண்ணெய், திருகு, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். கேட்கிற மனநிலையில்தான் அவர் இருந்தார்.

கறுப்புக்குத்தான் உறுதி என்று அவர் சொன்னது இன்னும் காதிலேயே நின்றது. பொய் என்று தெரிந்தும் அது அவளுக்கு இனித்தது. அப்படி இனித்ததை அவளால் மன்னிக்க முடியவில்லை.

"வடிச்ச சோறு இல்லீங்க," என்றாள். "கொஞ்சம் இருங்க, ஒல வைக்கிறேன்."