இரண்டு விரல் இடைவெளி

வெர்னன் லாத்தி பரணை அறையாக்கியது மகள் அன்னிக்காவுக்காக. மனைவி பிரிந்து அரிசோனாவுக்குப் போய்விட்டாள். பெண்ணுக்குத் தனி அறை இருந்தால் அப்பாவிடம் இருக்கலாம், இல்லையென்றால் அம்மாவிடம் என்றது நீதிமன்றம். மார்ச்சில் நீதிமன்றத்திலிருந்து ஓர் அம்மாள் நேரில் வந்து பார்ப்பார். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் வேறெங்கே இடம்? கூரைக்கடியில்தான்.

நவம்பரில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். நான் முப்பது வருடமாகக் கூரை வேலை செய்கிறவன். சாய்ந்த கூரைச் சட்டங்களுக்கு நடுவே குளிர் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சை இரண்டு அடுக்காகத் திணித்து, மேல்பலகையோடு ஒட்ட அழுத்தி வைத்திருந்தான்.

"ஒரு பொட்டுக் குளிர் உள்ள வராது. எப்படி இருக்கு?"

பஞ்சுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடவேண்டும். கூரையோர இறவாணத்தில் நுழையும் காற்று அதன் வழியே ஏறி முகட்டில் வெளியேறவேண்டும். இல்லாவிட்டால் சமையல் ஆவி, குளியல் ஆவி எல்லாம் மேலே போய்ப் பலகையடியில் உறைந்துவிடும். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பரவால்ல," என்றேன்.

வடக்கு மினசோட்டாவில் நாங்கள் அப்படித்தான். ஒருவன் தன் வீட்டில் செய்ததை அவன் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டோம். இரண்டாம் தரம் கேட்டால்தான் உண்மையைச் சொல்வோம். அவன் கேட்கவில்லை. காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தான். வெட்கமில்லாமல் தின்றுவிட்டு வந்தேன்.

பஞ்சை மூடி உட்பக்கம் ஜிப்சம் பலகை அடித்து, அன்னிக்கா சொன்ன இளமஞ்சளைப் பூசினான். ஜனவரிக் கடுங்குளிரிலும் அவள் அரைக்கைச் சட்டையோடு தூங்குகிறாள் என்று போனில் பெருமைப்பட்டான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெயின்ட் காய்ந்தபிறகு எப்படிச் சொல்வதென்று விட்டுவிட்டேன். என்ன மரியாதையோ, நாசமாய்ப் போன மரியாதை.

மார்ச்சில் வெயில் வந்தது. குளிர்காலம் முழுக்கப் பலகையடியில் சேர்ந்த உறைபனி மொத்தமும் இளகிச் சொட்டியது. அந்த வாரமே நீதிமன்ற அம்மாளும் வந்தார். சரிந்த கூரையில் கறுப்புப் பூஞ்சை. கட்டில்மேல் சொட்டுக்கு வைத்த பாத்திரம். அன்னிக்கா அதை மறைத்து உட்கார்ந்துகொண்டு, "எனக்கு இந்த ரூம் ரொம்பப் புடிக்கும்," என்றாளாம். அவளுக்குப் பத்து வயது.

அம்மாள் அன்பாகத்தான் பேசினாராம். குடியிருக்க ஏற்ற அறையல்ல என்று எழுதினார். ஏப்ரல் தொடக்கத்தில் அன்னிக்கா அரிசோனாவுக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை ஜிப்சம் பலகைகளைப் பிரிக்கப் போனேன். அவன் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். ஊறிய பஞ்சு கனத்து விழுந்தது. வெர்னன் கறுத்த மேல்பலகையைத் தடவிப் பார்த்தான்.

"நவம்பர்ல வந்து பாத்தியே. அப்பவே தெரியுமா ஒனக்கு?"

இரண்டாம் தரம் கேட்டுவிட்டான்.

"தெரியும்."

திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அடுத்த பலகையைப் பிரித்தான், அவ்வளவுதான்.

மே மாதத்துக்குள் புதுப் பஞ்சு வைத்துவிட்டான். ஒவ்வோர் இடத்திலும் பஞ்சுக்கும் மேல்பலகைக்கும் நடுவே தன் விரல்களையே நுழைத்துப் பார்த்து இடம் விட்டான். மறுபடியும் அதே மஞ்சள். படுக்க ஆளில்லை.

எப்படி இருக்கு என்று என்னிடம் கேட்கவில்லை.