போலாங்களா

ஒலிம்பிக் கொள்கைகளை எங்கள் கல்லூரி மைதானத்தில் நிலைநாட்டும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. மைக் என் கையில் இருந்ததுதான் காரணம்.

கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி. இந்த ஆண்டு எல்லாமே தமிழில் நடக்க வேண்டும் என்று விழாக்குழு தீர்மானம் போட்டுவிட்டது. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே ஒலிம்பிக்கின் வரலாற்றை நல்ல தமிழில் வாசிப்பது என் வேலை. பண்டைய ஒலிம்பியாவில் வீரர்கள் ஆடையின்றி ஓடினார்கள் என்ற வரியைத் துறைத்தலைவர் அடித்துவிட்டார். திருமணமான பெண்கள் வேடிக்கை பார்க்கவும் தடை இருந்தது என்பதையும் அடித்தார். முந்திப் புறப்பட்டவருக்குப் பிரம்படி உண்டு என்பதை மட்டும், ஒழுக்கம் சம்பந்தப்பட்டது என்று அடிக்கோடிட்டுத் தந்தார்.

அதை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது கெசியா வந்து மைக்கைக் கையால் பொத்தினாள்.

"ஏன்டா ஆல்வின், ஓடப்போறவ காதுல விழற மாதிரியா பிரம்படியப் பத்திப் பேசுவ?"

கெசியா என் வகுப்பு. போத்தனூர்க்காரி. நிற்கச் சொன்னால் அவளுக்கு ஆகாது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே பெஞ்சுக்கடியில் அவள் கால் எங்கோ போய்க்கொண்டிருக்கும். நானூறு மீட்டரில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்குப் பல்கலைக்கழக அணியில் இடம். அணி பஞ்சாப் போகிறது. போன ஆண்டு இதே போட்டியின்போது அவளுக்கு அம்மை போட்டிருந்தது. இது கடைசி ஆண்டு.

"ஊட்டுல கேக்கறாங்கடா, இத்தன வருசமா ஓடி எங்க போய்ச் சேந்தேன்னு. எல்லா ரயிலும் எங்க ஊட்டுப் பக்கந்தான் போகுது. நான் எதுலயும் ஏறுனதில்ல. இன்னைக்கு ஒரு ஊர் பேராச்சும் சொல்லோணும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் நின்ற இடத்திலேயே நான்கு முறை குதித்துவிட்டாள்.

ஓட்டத்தைத் தொடங்கிவைப்பவர் உடற்கல்வி இயக்குநர் மயில்சாமி சார். தொடக்கத் துப்பாக்கியின் கேப் வெடிகள் முந்தின நாள் மழையில் நனைந்துவிட்டன. விசில் அடித்தால் பக்கத்துக் கோர்ட்டு வாலிபால்காரர்கள் சர்வீஸ் போட்டுவிடுகிறார்கள். 'ஆன் யுவர் மார்க், செட்' தீர்மானத்துக்கு விரோதம். ஆகவே மயில்சாமி சார் என் மைக்கை வாங்கி வாயாலேயே தொடங்கிவைத்தார். பிறவியிலேயே மரியாதைக்காரர். ஓடுபாதையில் படுத்திருந்த நாயிடம்கூட, "சித்த அக்கட்டப் படுத்துக்கங்க சாமி" என்று சொல்லிப் பார்த்துவிட்டு அது எழும்வரை காத்திருந்தவர்.

பெண்கள் நானூறு மீட்டர். ஆறு பேர் கோட்டுக்கு வந்தார்கள். மைக்கில் மயில்சாமி சார் குரல்.

"எல்லாரும் எடத்துக்கு வாங்க. ரெடிங்களா? போலாங்களா?"

கெசியா போய்விட்டாள்.

போலாங்க என்றால் புறப்படுவோம். போலாங்களா என்றால் புறப்படலாமா. இரண்டுக்கும் நடுவில் இருப்பது 'ளா' என்ற ஒரே எழுத்து. அது சாரின் நாக்கை விட்டு இறங்கிவருவதற்குள் கெசியா வளைவில் இருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லையே என்று சந்தோஷப்பட்டு, பிறகு சந்தேகப்பட்டு, திரும்பி வந்தாள்.

மயில்சாமி சார் சிவப்பு அட்டையை எடுத்தார். அதை இரண்டு கையாலும் நீட்டினார், பத்திரிகை வைப்பதுபோல.

"மன்னிச்சுக்கங்க அம்மணி. ரூல்ஸுங்க."

"சார், நீங்க போலாங்கன்னு சொன்னீங்க. போயிட்டனுங்க."

"நான் கேட்டேன் அம்மணி. சொல்லலீங்க."

"கேட்டது பொறகுங்க சார். மொதல்ல சொன்னீங்க."

தகராறு மேடைக்குப் போனது. தலைமை விருந்தினர் சீனிவாசலு, பல்லடத்தில் கோழித்தீவன ஆலை வைத்திருப்பவர். அடுத்து ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியவர், நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து கெசியாவின் தலையில் கை வைத்தார்.

"கண்ணு, ஒலிம்பிக்குல என்ன சொல்லீருக்காங்க? செயிக்கறது முக்கியமில்ல. கலந்துக்கறதுதான் முக்கியம். அதனால மனசத் தேத்திக்க."

"அதையேதானுங்க நானும் கேக்கறேன். கலந்துக்க உடுங்க."

சீனிவாசலு என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது.

மயில்சாமி சாருக்கு மனசு கேட்கவில்லை. தான் சொன்னது கேள்விதான் என்று ஊரறிய நிரூபித்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார். மைக்கை மறுபடி வாங்கினார். மற்ற ஐந்து பேரும் கோட்டில் வெயிலில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றிருந்தார்கள்.

"எல்லாருமே கேளுங்க. நான் என்ன சொன்னேன்? ரெடிங்களான்னேன். பொறகு, போலாங்க..."

நான்கு பேர் போய்விட்டார்கள். 'ளா' ஒலிபெருக்கி வழியாக அவர்களைத் துரத்திக்கொண்டு போனது. மூன்று பேர் நின்றார்கள். நான்காமவளை எதிர்ப்புறத்திலிருந்து வாட்ச்மேன் கூட்டி வந்தார்.

அசையாமல் நின்றது ஷ்ரவ்யா மட்டும். நெல்லூரிலிருந்து இந்த ஆண்டுதான் இங்கே படிக்க வந்தவள். கொஞ்சம் தமிழ் பேசுவாள்; சாரின் கொங்குத் தமிழ் எதுவுமே அவளுக்குப் புரிந்திருக்கவில்லை. விதிப்படி இப்போது பந்தயத்தில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான்.

கூட்டம் கத்த ஆரம்பித்தது. ஏதாவது பேசு என்று துறைத்தலைவர் கையைக் காட்டினார். பேசினேன். 1908 லண்டன் ஒலிம்பிக்கிலும் இதே நானூறு மீட்டரில் தகராறு; ஒருவரை நீக்கிவிட்டு மறுபடி ஓடச் சொன்னார்கள்; அவர் நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் வரமாட்டோம் என்றார்கள்; மிச்சமிருந்தவர் தனியாக ஓடித் தங்கம் வாங்கினார் என்று அறிவித்தேன். இது யாருக்கும் உதவவில்லை.

"தனியா நான் ஓடமாட்டேன்" என்றாள் ஷ்ரவ்யா. "நானே ஃபர்ஸ்ட்டு, நானே லாஸ்ட்டு. ஊர்ல சிரிப்பாங்க."

மயில்சாமி சார் சிவப்பு அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பிள்ளைக மேல தப்பில்லீங்க. தப்பு என் வாயிலதானுங்க" என்று அட்டையைத் தனக்கே தூக்கிக் காட்டிவிட்டு மடக்கிப் பையில் போட்டார். ஆறு பேரும் மறுபடி ஓடலாம்.

கெசியா ஏற்கெனவே கோட்டில் இருந்தாள்.

"சார், ஒரு சந்தேகமுங்க" என்று கை தூக்கினாள் லோகப்பிரியா. உடுமலைக்காரி, போன ஆண்டு முதலிடம். "நீங்க 'ங்க' போட்டீங்கன்னா அதுக்குப் பின்னால இன்னும் என்ன வரும்னு யாருக்கும் தெரியறதில்லீங்க."

சீனிவாசலு கடிகாரத்தைப் பார்த்தார். "மயில்சாமி, 'ங்க'வே வேண்டாம். ஒத்த வார்த்தை. 'ஓடு'. முடிஞ்சுது."

"பொம்பளப் பிள்ளைகளப் போயி எப்படீங்க..."

"அங்க தாலி கட்டிப்போடுவாங்கய்யா."

மயில்சாமி சார் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓடு."

மைதானம் உறைந்தது. வாலிபால்காரர்கள் பந்தைக் கீழே போட்டார்கள். நாய் எழுந்து நின்றது. ஐந்து பெண்களும் அவர் யாரைத் திட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

கெசியா போய்விட்டாள்.

இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு உறைத்தபோது அவள் நன்றாக விலகியிருந்தாள். ஆனால் லோகப்பிரியா உடுமலைக்காரி மட்டுமல்ல, உயரக்காரியும்கூட. எதிர்ப்புற நேர்கோட்டில் பாதி இடைவெளியைத் தின்றாள். கடைசி வளைவில் கெசியாவின் தோள் இறுகுவது இங்கிருந்தே தெரிந்தது. லோகப்பிரியா தாண்டினாள். பின்னால் ஷ்ரவ்யா வந்துகொண்டிருந்தாள், வந்துகொண்டே இருந்தாள். என் கையிலிருந்த தாளில் இதற்கு ஏற்ற வரி ஒன்றும் இல்லை. "கெசியா, கெசியா" என்று மட்டும் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். வர்ணனையாளர் நடுநிலை தவறியதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

கெசியா நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு கோட்டில் விழுந்தாள். நடுவர்கள் மூன்று பேரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். அதுவரை அவள் படுத்த இடத்திலேயே காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். லோகப்பிரியா முதலிடம். கெசியா இரண்டாமிடம்.

ஷ்ரவ்யா மூச்சு வாங்க சீனிவாசலுவிடம் தெலுங்கில் என்னவோ முறையிட்டாள். அவர் வீட்டில் தெலுங்குதான். சிரித்துவிட்டு எங்களிடம் சொன்னார். "தெலுங்குல 'ஓடு'ன்னா தோத்துப்போறதுங்க. ஓடறதுக்கு முன்னாலயே எதுக்குச் சாபம் உட்டாருன்னு கேக்குது இந்தப் பிள்ளை."

நியாயமான கேள்வி. மறுபடியும் ஒரு ஓட்டமா என்று எல்லார் முகத்திலும் பயம். கெசியா எழுந்து உட்கார்ந்தாள். முட்டியில் ரத்தம்.

"நான் முந்தி ஓட்டமெடுத்துட்டனாங்க?" என்று லோகப்பிரியாவைக் கேட்டாள்.

"இல்ல. நீ சரியாத்தான் எடுத்த. நாங்கதான் மரியாதைக்குக் காத்துக்கிட்டு நின்னுட்டோம். உனக்கு மட்டும் எப்படி அதிர்ச்சியே இல்ல?"

"எங்க ஊட்டுக்கிட்ட தண்டவாளம். தெனமும் யாராச்சும் யாரையாச்சும் 'ஓடு'ன்னு கத்தீட்டுதான் இருப்பாங்க."

ஷ்ரவ்யாவும் சிரித்துவிட்டாள். மேல்முறையீடு அத்துடன் முடிந்தது.

பண்டைய ஒலிம்பியாவில் இரண்டாமிடம் என்று ஒன்றே கிடையாது. அந்தப் பத்தி இன்னும் வாசிக்காமல் பாக்கியிருந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். 'வேகமாக, உயரமாக, வலிமையாக' என்ற முழக்கத்தில் 2021இல்தான் 'ஒன்றாக' என்பதையும் சேர்த்தார்கள் என்று மட்டும் அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை. மயில்சாமி சார் ஒவ்வொரு பெண்ணாகத் தேடிப்போய்க் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"ஓடுன்னு சொல்லிப்போட்டேன் அம்மணி. மனசுல வெச்சுக்காதீங்க."

சாயங்காலம் வீடு திரும்பும் கல்லூரி வேனில் கெசியா வாசலோரம் உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்டாள். எடுத்ததும் அவள் சொன்னது ஒரே வார்த்தை. "பஞ்சாப்." அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "ரயில்லதான், பின்ன ஓடியா?" என்றாள்.

மயில்சாமி சார் ஏறி, தலைகளைப் பார்த்து, கதவைச் சாத்தினார்.

"எல்லாரும் வந்தாச்சுங்களா? போலாங்களா?"

நாங்கள் பதில் சொல்ல வாய் திறந்தபோது வேன் கேட்டைத் தாண்டியிருந்தது. டிரைவரும் இந்த ஊர்க்காரர்தான்.