கரும்பாறை வயலின் வாசல்

ஐல்சா நிலத்துக்கடியில் புதைந்ததைக் காட்டும் காந்தமானியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஈர வயலின் குறுக்கே நேர்கோட்டில் நடந்தாள். ஜிப் இல்லாத கால்சட்டை, ரப்பர் பூட்ஸ். இரும்பு துளியும் மேலே இருக்கக் கூடாது. ஹெட்லி ராப்சன் கல்சுவரோரம் தள்ளி நின்று, அவளுடைய அடுத்த கோட்டுக்கு மூங்கில் குச்சி ஊன்றினார். போன குளிர்காலத்தில் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். உடம்பில் உலோகம் வைத்தவர்கள் அந்தக் கருவியைத் தொடக் கூடாது என்பது கம்பெனி விதி. பாதி ஆயுளை அதைச் சுமந்து கழித்தவர் இப்போது குச்சி நடுகிறார்.

"கிட்ட வராத ஹெட்லி! நீ மூச்சு விட்டாலே மிஷினுக்குக் கிறுக்குப் பிடிக்குது."

"என் அழகுல மயங்குது. அதுக்கு நான் என்ன செய்ய?"

வடக்கே குன்றின் விளிம்பில் ரோமானியரின் எல்லை மதில் ஓடியது. இந்த மேய்ச்சல் நிலத்துக்கடியில் அவர்களுடைய கோட்டை ஒன்று புதைந்திருக்கிறதா என்று, மண்ணைத் தோண்டாமல் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மதியம் வேனுக்குள் பிலிப்பா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். குழுவுக்கு அவள்தான் பொறுப்பு. திரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக அப்பிக் கிடந்தது. கீழே இருக்கும் கரும்பாறையே காந்தம் போலிருந்து, மற்ற எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது.

"நாளையோட மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க. ஹெட்லி, அடுத்த சீசன்ல உனக்கு இடம் இருக்கான்னு மட்டும் என்கிட்ட கேக்காத. பதில் சொல்ல எனக்கு வாய் வராது."

ஹெட்லி ரொட்டியை மென்று முடித்தார்.

"பின்னாடி பழைய மின்தடைக் கருவி சும்மாதானே கிடக்கு? பாறை காந்தமா இருந்தா அதுக்கென்ன, என் இடுப்புல என்ன இருந்தா அதுக்கென்ன? நாளைக்கு ஒரு நாள் குடு."

"மீட்டருக்கு மீட்டர் குத்தி எடுக்கணுமே. இந்த இடுப்போடயா?"

"இடுப்பு என்னுது. விடு."

மறுநாள் ஆலங்கட்டியும் மழையுமாக அடித்தது. கருவிச் சட்டத்தின் இரண்டு கம்பி முனைகளையும் ஹெட்லி மண்ணில் அழுத்துவார். மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி, 'பீப்' என்று ஒலி வரும். பிடுங்கி ஒரு மீட்டர் முன்னே வைத்து மறுபடி அழுத்துவார். ஈரச் சேறு மின்சாரத்தை விடும், கல் தடுக்கும். அந்த வித்தியாசம்தான் கணக்கு. ஐல்சா பின்னால் கேபிளை இழுத்து வந்தாள். மதியத்துக்கு மேல் ஹெட்லியின் இடது கால் இழுபட ஆரம்பித்தது.

"கொஞ்சம் என்கிட்ட குடேன்."

"நீ கேபிளப் பாரு. ஆடு மிதிக்குது."

வெளிச்சம் மங்கும்போது திரையில் வரிவரியாகப் படம் ஏறியது. தடித்த ஒரு சதுரம். இடைவெளி. இன்னொரு சதுரம். இடைவெளியின் நடுவே சுவர் போல ஒரு கோடு.

"கோட்டை வாசல்," என்றாள் பிலிப்பா. "ரெண்டு கோபுரம், ரெட்டை வழி. முழுசா இருக்கு."

ஹெட்லியால் உட்கார முடியவில்லை. வேன் கதவைப் பிடித்து நின்றபடியே மனைவிக்குப் போன் போட்டார்.

"எடித், நாள் முழுக்கத் தட்டினேன். தொறந்துட்டாங்க."

வசந்தத்தில் அந்த வயலில் பொதுமக்கள் வந்து பார்க்கும் விழா நடந்தது. புது சீசனுக்கு எல்லாக் கருவிகளையும் தூக்கக்கூடியவர்கள் மட்டும் போதும் என்று கம்பெனி முடிவெடுத்திருந்தது. கூடாரத்துக்குள் வாசலின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. ஹெட்லி ஆரஞ்சுச் சட்டையில் வெளியே கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். பார்க்கிங் ஒப்பந்தக்காரரிடம் கிடைத்த வாரக்கடைசி வேலை.

பெரிய கார் ஒன்று வரிசையை விட்டு மேட்டுப் பக்கம் திரும்பியது. ஹெட்லி நொண்டிக்கொண்டே ஓடி, அதன் முன்னால் கைகளை விரித்து நின்றார்.

"இங்க நிறுத்தக் கூடாதுங்க."

"ஏன்? காலியாத்தானே இருக்கு?"

"காலியில்லங்க. உங்க முன்சக்கரம் கிழக்குக் கோபுரத்து மேல நிக்குது."

ஓட்டி வந்தவர் எட்டிப் பார்த்தார். வெறும் புல். ஹெட்லியின் முகத்தையும் பார்த்தார். பிறகு மறுபேச்சு பேசாமல் பின்னுக்கு எடுத்தார்.

கூடாரத்தில் யாரோ பேசி முடித்தார்கள், கைதட்டல் எழுந்தது. ஹெட்லி ஒரு பிளாஸ்டிக் கூம்பை எடுத்துப் போய், கோபுரத்தின் மூலை எங்கே முடிகிறதோ அங்கே சரியாக வைத்தார். பிறகு அடுத்த காருக்குக் கை காட்டினார்.