நின்றபடி விற்ற பக்கம்

1

கிட்ட வாருங்கள், கண்ணுகளே. இன்னும் கொஞ்சம் கிட்ட. ஒரு கதை தருகிறேன். முழுதாகத் தருவேனா என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு கொழும்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை. கேட்ட நம்பருக்குப் பலகையில் இணைப்புக் கயிற்றைச் செருகிக் கொடுப்பேன். செருகியதும் காதுக்கருவியைக் கழற்றிவிட வேண்டும் என்பது சட்டம். நான் கழற்றுவதில்லை.

2

தொடக்கம்: "கொட்டாஞ்சேனையில் ஒரு சரக்குக் கிட்டங்கியின் மாடியில், மழை சோவென்று..."

[வேண்டாம். மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது.]

மறுபடியும்: "றஞ்சிதம் ஓர் இளம் விதவை."

[இதையும் அடித்துவிட்டேன். அவளுக்குக் கணவன் இருந்தான். யோகநாதன் என்று பெயர். துறைமுகத்தில் மூட்டை சரிந்து கால் நசுங்கி, வெள்ளவத்தை வாடகை அறையில் கிடந்தான். உங்கள் இரக்கத்தைச் சுலபமாக வாங்கிவிட நான்தான் அவனைக் கொன்றேன். விளம்பரம் விற்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான்.]

றஞ்சிதம் நின்றுகொண்டிருந்தாள்.

சரி, இது இருக்கட்டும். அவள் வேலை பார்த்த கந்தோர் அந்தக் கிட்டங்கி மாடியில்தான் இருந்தது; ஆண்டுதோறும் ஒரு வர்த்தகக் கையேடு போட்டது. கடை முதலாளிமாரை டெலிபோனில் பிடித்து, விளம்பரப் பக்கம் எடுக்கவைப்பதுதான் பெண்களின் வேலை. அன்றைய முதல் பக்கத்தை விற்கும்வரை கதிரை கிடையாது. ஆள் உட்கார்ந்தால் குரலும் உட்கார்ந்துவிடும் என்பார் மேலாளர் பீற்றர்.*

அன்று நாலு மணிக்குப் பட்டியல் அச்சகத்துக்குப் போக வேண்டும். அதற்குள் றஞ்சிதம் ஒரு முழுப்பக்கமாவது விற்காவிட்டால் மறுநாள் வரத் தேவையில்லை. காலை எட்டு மணியிலிருந்து நிற்கிறாள். இப்போது மூன்றரை.

* கதிரையின் கதையையும் றஞ்சிதத்தின் வீட்டுக் கதையையும் எனக்குப் பிற்பாடு சொன்னவள் இமெல்டா. முந்திய வாரம் அதே இடத்தில் நின்று நின்றே வேலை இழந்தவள்.

3

றஞ்சிதம் கேட்டபடி வெள்ளவத்தைப் புடவைக்கடை மக்கீன் ஹாஜியாருக்கு இணைப்புக் கொடுத்தேன்.

"எங்களுக்கு என்னத்துக்குப் புள்ள பக்கமும் கிக்கமும்? கடை எங்க ஈக்கிதெண்டு ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும் முதலாளி. கண்டி, காலியில இருந்து வாறவைக்குத் தெரியவேணுமெல்லே?"

"வாறவங்க பஸ்காரன்ட்டக் கேப்பாங்க."

சிரிப்பு. கையை விட்டுப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பீற்றர் எழுதிக்கொடுத்த தாளில் கடைசி வரி ஒன்று உண்டு. வேறு எதுவும் பலிக்காதபோது மட்டும் சொல்ல வேண்டியது.

"எதிர்க்கடை ஸவாஹிர் முதலாளி இண்டைக்குக் காலமைதான் முழுப்பக்கம் எடுத்தவர்."

அவள் அன்று ஸவாஹிருடன் பேசவேயில்லை.

மறுமுனையில் சிரிப்பு நின்றது. பிறகு, "ஸவாஹிர் நானாவா?"

"ஓம், முதலாளி."

"நாங்க ரெண்டு பேரும் பள்ளிவாசல்ல வெச்சு வாக்குக் குடுத்த. ஒருத்தர் மற்றவருக்குத் தெரியாம விளம்பரம் போடுறல்ல எண்டு. கலியாண ஊட்டுக்குப் போனா ஒரே சோத்துச் சஹன்ல குந்தி, ஒண்டாக் கை வெச்சுத் திண்ட ஆக்கள் புள்ள நாங்க. ஞாயித்துக்கெழமை அவர்ட மவளை என்ட மவனுக்குக் கேட்டுப் போக ஈந்த."

[இந்த இடத்தில் அவள் "ஐயோ, பிழையாய்ச் சொல்லிப்போட்டன்" என்று சொன்னதாக ஒருமுறை எழுதினேன். அவள் சொல்லவில்லை. கால் மாற்றி நின்றாள் போலும், தரைப்பலகை கிறீச்சிட்டது. அவ்வளவுதான்.]

"எனக்கும் முழுப்பக்கம் போடுங்க. அவர்ட பக்கத்துக்கு நேர் எதிராப் போடுங்க. ஞாயித்துக்கெழமப் பயணம் இனி இல்ல."

வைத்துவிட்டார்.

4

றஞ்சிதம் ரிசீவரை வைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தாள். அதனால் அந்த அறை முழுவதும் என் காதுக்குள் இருந்தது. கதிரை இழுபடும் சத்தம், பிறகு பீற்றரின் குரல்.

"இருங்கோ றஞ்சிதம், இருங்கோ! இனி நீங்களும் கதிரைக்காரிதான்."

"ஐயா, நான் சொன்னது பொய். ஒரு கலியாணம் குழம்பப்போகுது."

"நாலு மணிவரைக்கும்தானே அது பொய்? ஸவாஹிருக்கு எடுத்து, மக்கீன் முழுப்பக்கம் எடுத்திட்டார் எண்டு சொல்லுங்கோ. அது உண்மைதானே? ரோசத்தில அவரும் எடுப்பார். பிறகு நீங்க ஒருத்தருக்கும் ஒரு பொய்யும் சொல்லேல்ல."

"அவையள் ரெண்டு பேரும்?"

"அவையளுக்கு எதிரெதிராக் கடை. கோவம் எத்தினை நாளைக்கு? உங்கட மனுசன்ர கால் எத்தினை நாளைக்கு?"

அவள் கதிரையில் உட்கார்ந்தாளா? தெரியாது. உட்கார்ந்தாள் என்று எழுதினால் ஒரு றஞ்சிதம் வருகிறாள். நின்றாள் என்றால் வேறொருத்தி. நான் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டு பேரையும் எனக்குப் பிடித்தது.

5

நாலுக்கு எட்டு நிமிடம். என் பலகையில் அவளுடைய லைனின் விளக்கு எரிந்தது.

"நம்பர்?"

பட்டியல் தாள் புரளும் சத்தம். நானும் காத்திருந்தேன். மக்கீனின் நம்பரைக் கேட்டால் உண்மையைச் சொல்லப்போகிறாள், வேலை போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் ஸவாஹிரின் நம்பரைக் கேட்டாள்.

கண்ணுகளே, அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். விற்கவும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். "முதலாளி, உங்கட பேரில ஒரு பொய் சொல்லிப்போட்டன், நீங்களே எதிர்க்கடைக்குப் போய்ச் சொல்லுங்கோ" என்று அழவும் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

கயிறு என் கையில் இருந்தது. "லைன் பிஸி" என்று நான் சொல்லியிருந்தால் நாலு மணி தானாக வந்து போயிருக்கும், அவள் எதையும் தீர்மானிக்க வேண்டியிருந்திருக்காது. [அந்த முடிவையும் எழுதினேன். அதில் நான் நல்லவளாக வந்தேன். கிழித்துப்போட்டேன்.]

செருகினேன். ஸவாஹிர் "ஹலோ" என்றார். அப்போது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக, காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அந்த வருடக் கையேட்டைத் தேடிப் பார்க்கலாமே என்பீர்கள். எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கும். இரண்டு பக்கங்கள் எதிரெதிரே இருந்துவிட்டால் என்ற பயத்தில் நான் இன்றுவரை தேடவில்லை.

ஸவாஹிர் காத்திருக்கிறார். றஞ்சிதம் வாயைத் திறக்கிறாள். இனி நீங்கள் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் மணி அடிக்கும்போதெல்லாம் நல்ல சேதியே வரட்டும். நாள் முழுதும் நின்று களைத்து வருகிறவர்களுக்கு அங்கே ஒரு கதிரை இருக்கட்டும். ஒரே சஹனில் கை வைத்தவர்கள் ஒரே சஹனிலேயே கை வைக்கட்டும்.