பெண்கள் அறை

பேச்சு ஆரம்பித்த சற்று நேரத்தில் பெண்கள் அறையின் ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. பெண்ணின் உரிமை என்பதுதான் அன்றைய தலைப்பு. ஆண்கள் கூடத்தில் குருவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்குப் பக்கத்து அறை, ஒரு மூடிய கதவு, சுவரில் அந்தப் பெட்டி. யாராவது போய்ச் சொல்லலாம்தான். ஆனால் பேச்சுக்கு நடுவே பெண்கள் கூடத்துக்குள் நுழையும் வழக்கமில்லை. அதனால் அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டபோதெல்லாம் இந்தப் பக்கமும் தட்டினார்கள். தையற்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டான் அவள் கணவன். லாரி டிரைவர். அழுதாள், சண்டை போட்டாள், அடுப்புப் பற்றவைக்காமல் கிடந்தாள். எதுவும் அவன் காதில் ஏறவில்லை. குரு சொன்னால் மட்டும் மறுபேச்சில்லை. போன வாரம் குருவின் புது அங்கியைத் தைத்துக் கொடுக்கப் போனவள், தோள் சரியாக உட்கார்கிறதா என்று பார்க்கிற சாக்கில் கேட்டே விட்டாள்.

கண்ணாடியைப் பார்த்தபடியே அவர், "படிக்கிற புள்ளைக்குக் கல்யாணம் பண்றது பாவம்னு மேடையிலயே சொல்றேம்மா. கவலப்படாத," என்றார்.

கூட்டம் கலைந்ததும் மகளைச் செருப்பு தேடச் சொல்லிவிட்டுக் கணவனிடம் போனாள்.

"சொன்னாரா?"

"எத?"

"படிக்கிற பொண்ணுக்குக் கல்யாணம் கூடாதுன்னு."

"சொன்னாரு. கண்ணு கலங்கிட்டாரு, பாவம். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அப்ப மாப்ள வீட்டுல வேணாம்னு சொல்லிடலாமா?"

"நீ ஒண்ணு. அது ஊருக்குச் சொல்றதுடி. எறங்கி வந்ததும் தனியா கேட்டேன்ல. நல்ல எடம், விட்றாதன்னாரு. அவரே வந்து நடத்தி வைக்கிறாராம். எத்தன பேருக்குக் கெடைக்கும்?"

அந்த அங்கியை நாலாகக் கிழிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கிழித்தால் அதையும் அவளிடம்தான் தைக்கக் கொடுப்பார்கள்.

மகள் ஓடிவந்தாள். "அம்மா, சொன்னாரா?"

"சொன்னாராம்."

மீதியைக் கேட்க மகள் நிற்கவில்லை. கூட்டத்தில் முண்டியடித்து எல்லோருக்கும் முன்னால் பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "ஆளு வருது, எங்கம்மா வராங்க," என்று சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.