கெய்ரோக்காரன்

கெய்ரோவுக்கு வந்த ஒரு வருஷத்தில் முக்பிலின் நாக்கு ஊர் மாறிவிட்டது. வந்த புதிதில் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்கும். ஏமன் நாட்டு மலைப் பேச்சு. அங்கே காத் இலையைக் கன்னத்தில் அடக்கி மெல்லுவது வழக்கம். "இலை மெல்லுற ஆடு வந்துருச்சு டோய்" என்று கன்னத்தை உப்பிக் காட்டுவார்கள். செயற்கைக்கால் செய்யப் படிக்க வந்தவன் முதலில் படித்தது கெய்ரோக்காரன் மாதிரி பேசத்தான். இரண்டாம் வருஷம் நைலுக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஃபூல் என்னும் மொச்சைக் கூட்டு விற்கும் வண்டிக்காரன்கூட உள்ளூர்ப் பையன் என்று நம்பினான். அதில் இவனுக்கு ஒரே பெருமை. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறதோ, எனக்கு விளங்கவில்லை.

அங்கேதான் சிகிச்சைக்கு வந்த ஒரு கூட்டத்தோடு காயித் வந்து சேர்ந்தார். ஏமன்காரர். முக்பில் ஊருக்கு அடுத்த மலை. கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. சலாம் சொன்னதும் அம்மா சுகமா, அப்பா சுகமா, மழை உண்டா என்று நீட்டி முழக்கினார். வேறு கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஷாதி பின்னால் நின்று அந்தப் பேச்சை அப்படியே நடித்துக் காட்டினான். முக்பிலும் சிரித்துத் தொலைத்தான்.

"தம்பி எந்தப் பக்கம்? முகஜாடை நம்மூரு மாதிரி இருக்கே" என்றார் காயித்.

"இங்கதான் ஹாஜி. கெய்ரோ."

அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "நல்லது மவனே" என்றார்.

கால் தயாரானது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பயிற்சியாளர் நெவீன், "வலி இருக்கான்னு கேளு முக்பில்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனாள்.

"வலிக்குதா ஹாஜி?"

"சுகம். அல்லாவுக்கு நன்றி."

அந்த மலையில் முதல் 'சுகம்' சுகமே இல்லை. பெற்ற தாயிடம்கூட யாரும் எடுத்த எடுப்பில் வலியைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வீடு, மாடு, மழை எல்லாம் விசாரித்து, மறுபடி கேட்க வேண்டும். அதற்கப்புறமும் கேட்க வேண்டும். அப்போதுதான் உள்ளது வெளியே வரும். இது முக்பிலுக்குத் தெரியும். அந்த மருத்துவமனையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனால் அப்படி உட்கார்ந்து விசாரித்தால் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். ஷாதி வேறு பக்கத்திலேயே நின்றான். முக்பில் காலை மாட்டிவிட்டு வாசல்வரை வழியனுப்பினான்.

அடுத்த வாரம் காயித் ஊன்றுகோலில் வந்தார். நெவீன் உறையைக் கழற்றினாள். எலும்பு செயற்கைக்காலில் முட்டும் இடத்தில் தோல் பிய்ந்து சீழ் கட்டியிருந்தது.

"ஐயோ, என்ன ஹாஜி இது! இது ஆறி, புதுசா அளவெடுத்து... உங்க ஆளுங்க வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்புறாங்களே! கால் இல்லாமத்தான் போகணும்." அவள் திரும்பினாள். "முக்பில், அன்னிக்கு நீ கேட்டியா இல்லையா?"

முக்பில் கழற்றிப் போட்ட உறையை எடுத்து மடித்தான்.

"கேட்டான் தாயி" என்றார் காயித். "திருப்பித் திருப்பிக் கேட்டான் புள்ள. நாந்தேன் வீம்புக்கு மறைச்சிட்டேன்."

நெவீன் தலையில் அடித்துக்கொண்டு மருந்தெடுக்கப் போனாள். அறையில் இருவர்தான். முக்பில் குனிந்தான். ஒரு வருஷமாகப் பேசாத பேச்சு தானாக வந்தது.

"ஏம் பெரியப்பா அப்படிச் சொன்னீக?"

காயித் ஆச்சரியப்படவே இல்லை. "நான் வந்த அன்னிக்கு மத்தியானம் படியோரமா உக்காந்திருந்தியே, துண்டை முதுகையும் முழங்காலையும் சேத்துச் சுத்திக்கிட்டு. நம்ம மலைக்காரனத் தவிர எவன் அப்படி உக்காருவான்? ஆனா நாலு பேரு முன்னால கெய்ரோன்னு சொல்லிட்ட. நான் வலிக்குதுன்னு வாயத் திறந்தா நம்ம பேச்சுலதான் அழுவேன். நீயும் நம்ம பேச்சுலதான் ஆறுதல் சொல்லுவ. எல்லாஞ் சிரிப்பானுக. புள்ளைக்கு மானம் போயிரும்னு பல்லைக் கடிச்சிக்கிட்டேன்."

அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது. செத்துவிடலாம் போலிருந்தது. திருப்பித் திருப்பிக் கேட்டதாகச் சொன்னது பொய் என்று நெவீனிடம் சொல்லிவிட வேண்டும். தான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் நிமிர்ந்தான்.

நெவீன் மருந்தோடு வந்தாள், பின்னாலேயே ஷாதியும். காயித் முந்திக்கொண்டார். "கெய்ரோக்காரத் தம்பிக்குக் கை நல்லா பதமா இருக்கு தாயி. அவனே கட்டுப் போடட்டும்."

"பாத்தியா, உன்மேல கோபமே இல்ல அவருக்கு" என்றாள் நெவீன். "விடு முக்பில். நீ சரியாத்தான் செஞ்சிருக்க. இந்த ஏமன்காரங்க வாயில இருந்து ஒண்ணும் புடுங்க முடியாது."

ஷாதி சிரித்தான். முக்பில் வாயைத் திறந்தான்.

"தேங்க்ஸ் மிஸ்" என்றான், சுத்தமான கெய்ரோப் பேச்சில்.