ஒரு வரிசை பாக்கி

கிடங்கின் தகரக் கூரையில் சோலார் பேனல் மாட்டிக்கொண்டிருந்தோம். நான், மச்சான், வெல்டர் என மூன்று பேர். மச்சான் என் மனைவியின் தம்பி. தொழிலில் பாதிப் பங்கு அவனுடையது, பேச்சில் முழுப் பங்கும். போன மழைக்காலத்தில் அவன் அக்கா காய்ச்சலில் இறந்துபோனாள். அதன் பிறகு எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

என் மாமியாருக்கு இனி அவன் ஒருவன்தான். காலையில் வண்டியை எடுக்கும்போது அவனிடம் எதுவும் சொல்ல மாட்டார். என்னைப் பார்த்து, "பத்திரம், மாப்ள" என்பார்.

கூரையில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நம் நிழல் நம் காலடிக்குள் போய்விட்டால் இறங்கிவிட வேண்டும். வெயில் சாய்ந்த பிறகுதான் மறுபடி ஏற்றம். அதை வைத்தது நான். மீறினால் கூலி கிடையாது என்று சொன்னதும் நான்.

அன்று கடைசி வரிசை மட்டும் பாக்கி. கிடங்கு மேனேஜர் கீழேயிருந்து கத்தினார்.

"ஒரு வரிசைதானே சார்! முடிச்சிட்டே இறங்குங்களேன். சாயங்காலம் முதலாளி வர்றார்."

"வெயில் தாழ்ந்ததும் முடிச்சிடுவோம்."

"வெயில் என்ன புலியா, அடிச்சுத் தின்ன?"

"நீங்க ஏறி வாங்க சார், பழகிப் பாக்கலாம்" என்றான் மச்சான். மேனேஜர் உள்ளே போய்விட்டார்.

நானும் வெல்டரும் பக்கவாட்டு இரும்புப் படியில் இறங்கினோம். மச்சான் பின்னால் வருவதாகச் சொன்னான். சரக்கு இறக்கும் மேடையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தோம். வெல்டர் பாதிச் சோறு தின்றிருப்பார். மச்சானின் டிபன் பை திறக்காமல் கிடந்தது.

படியடியில் நின்று கூப்பிட்டேன்.

"டேய், எங்கடா இருக்க?"

"நிழல்ல, மாமா."

புரிந்துவிட்டது. வரிசையில் மிச்சம் இருந்தது பேனலுக்கு அடியில் ஒயர் இணைக்கும் வேலை. அடியில் நிழல் இருக்கிறது என்று தவழ்ந்து போயிருக்கிறான். மேலே கண்ணாடி கொதிக்கும், கீழே தகரம் கொதிக்கும், நடுவில் காற்று அசையாது. வெயிலில் நிற்பதைவிட மோசம். இது அவனுக்கும் தெரியும். வேறு ஆள் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பான்.

"வெளிய வா. இப்பவே."

"அக்கா வந்ததும் இறங்கிடறேன், மாமா."

வெல்டர் கையில் எடுத்த சோற்றோடு என்னைப் பார்த்தார். நான் படியேறிக்கொண்டே சொன்னேன்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்கண்ணே. வெயில் அடிச்சு மயக்கம், பேச்சு குழம்புதுன்னு சொல்லுங்க. அப்புறம் மேல வாங்க."

கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிடித்து இழுத்தேன். உடம்பு அனலாக இருந்தது. "யாரு நீ?" என்று என் கையைத் தட்டிவிட்டான். பேனல் வந்த அட்டைப் பெட்டிகளை விரித்து அவற்றின்மேல் கிடத்தினேன். பூட்ஸைக் கழற்றினேன், சட்டையைக் கிழித்தேன்.

பேனல் கழுவும் குழாய் பக்கத்திலேயே இருந்தது. அதை உடனே அவன்மேல் திருப்பவில்லை. வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது வெந்நீர். தகரத்தில் ஓடவிட்டு, கையில் குளிர்ச்சி தட்டிய பிறகே தலையில் தொடங்கி கால்வரை நனைத்தேன். வெல்டர் வந்து ஓர் அட்டையை நிழலுக்குப் பிடித்தார், இன்னொன்றால் விசிறினார்.

"கொஞ்சம் தண்ணி குடுப்போமா தம்பி?"

"வேண்டாம். நினைவு தெளியாம குடுத்தா புரை ஏறிடும். மேல மட்டும் ஊத்துவோம்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவனைக் கீழே கொண்டுவந்தோம். மின்விசிறிக்கு அடியில் கிடத்தி, விடாமல் நனைத்தேன். மேனேஜரிடம் ஐஸ் கேட்டேன். எங்கிருந்தோ ஒரு வாளி கொண்டுவந்தார். துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன்.

"சார், அந்த வரிசை..." என்றார் தயங்கி.

"இன்னைக்கு இல்ல. நாளைக்கு விடியக்காலைல. முதலாளி கேட்டா என்கிட்ட பேசச் சொல்லுங்க."

ஆம்புலன்ஸ் வரும்போது மச்சான் கண்ணைத் திறந்து தன் உடம்பைப் பார்த்தான்.

"சட்டையக் கிழிச்சது யாரு?"

"நான்தான்."

"புதுசு, மாமா."

மருத்துவமனையில் டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு, "நேரத்தோட நனைச்சிருக்கீங்க, பிழைச்சான்" என்றார். இரவு தங்கவேண்டும் என்றார். வெளியே வந்து அத்தைக்குப் போன் செய்தேன். என் மனைவி இறந்த அன்று எனக்கு வந்த போன், பதற்றப்படாதீங்க என்றுதான் ஆரம்பித்தது. அந்த வார்த்தை என் வாயில் வரக்கூடாது.

"அத்தை, அவன் நல்லா இருக்கான். பேசறான். வெயில்ல மயங்கிட்டான், ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். ஆட்டோ அனுப்பறேன், வாங்க."

அந்தப் பக்கம் அத்தை செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க தண்ணி குடிச்சீங்களா, மாப்ள?"

காலையிலிருந்து குடிக்கவில்லை. "இதோ, குடிக்கிறேன் அத்தை" என்றேன். நடைக்கோடியில் குடிநீர்க் குழாய் இருந்தது. போனை வைக்காமலே நடந்தேன்.